பால்கோனா சீமாட்டி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த முதல் தாளிலேயே மலேரியா வந்துவிட்டது. மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று, சதுப்பு நிலத்துக் காற்றைச் சுவாசித்தால் காய்ச்சல் வருமென்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், கொசுவின் மேல் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சரியாக எழுதியிருக்கிறாள். டிக். எழுதியிருக்கிறானோ என்னவோ, பதிவெண்ணை மறைத்து மேலே வேறொரு எண்ணை ஒட்டிவிடுகிறார்கள், டம்மி நம்பர், ஆணா பெண்ணா எந்த ஊர் எந்தக் கல்லூரி என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. அடுத்தது இன்ஃபுளுயென்ஸா, நட்சத்திரங்களின் செல்வாக்கால் வரும் நோய், டிக். பியானோ, ஸ்டூடியோ, டிக், டிக். பால்கனி. பேனா நின்றுவிட்டது. கூரை உத்தரம், கட்டடச் சாரம் என்று பொருள்படும் பால்கோ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று இந்தப் பிள்ளை ஒழுங்காக எழுதியிருக்கிறது, ஒரு குறையும் இல்லை, டிக் போட என்ன தயக்கம், போடு ஆவுடைச்செல்வி, போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பு. போட்டேன். கை வியர்த்துச் சிவப்பு மை கொஞ்சம் இழுவிக்கொண்டது. மே மாதத்துப் பாளையங்கோட்டை, இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் ஹால், நான்கு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றுவதாகப் பாவனை செய்கிறது. மணி ஒன்று ஐம்பது. நான்கு மணிக்குத் திரவியம் சார் கையெழுத்துப் போடுவார். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், மின்சாரம் போகலாம், அவருக்கு வயிற்றைக் கலக்கலாம், ரிப்போர்ட் தாள் காற்றில் பறந்து போகலாம். இந்த ஹாலில் காற்று ஏது.

சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன்புதான் அவர் சொன்னார். திரவியம் சார்தான் எங்கள் போர்டுக்குச் சேர்மன், எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவாகச் சொல்கிறவர், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறார், மேசையைத் தட்டினால் ஹால் அடங்கிவிடும். தட்டினார். “எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க. பதினாலாவது கேள்வி, ஆங்கிலத்தில் இத்தாலியச் சொற்கள். பெர்ப்பெத்துவா மேடம் டேபிளுக்குப் போன கட்டுல பத்தொம்பது பேப்பர்ல ஒரே கதை. பால்கனிங்கிற வார்த்தை பால்கோனான்னு ஒரு சீமாட்டி பேர்ல இருந்து வந்துச்சாம். வரிக்கு வரி, கமா மொதக்கொண்டு ஒண்ணுபோல இருக்கு. நான் முப்பது வருஷமா இந்த சப்ஜெக்ட் எடுக்கேன். எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது, எந்த கைடுலயும் கெடையாது. எவளோ ஒருத்தி ஒளறி வச்சத ஹால் பூரா பாத்து எழுதியிருக்கு. மாஸ் காப்பி. நாலு மணிக்கு ரிப்போர்ட் போயிரும், பத்தொம்பது ரிசல்ட்டும் நிறுத்தி வச்சு விசாரிக்கட்டும்.” ஹால் சிரித்தது. பால்கோனா என்ற பெயரை யாரோ பின்வரிசையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பால்கோனா சீமாட்டியைப் பெற்றவள் நான், அவளுக்கு ஆறு வயது, மாஸ் காப்பியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, நான் சொல்லச் சொல்ல என் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், எழுதிக்கொண்டதை மனப்பாடம் செய்தார்கள், மனப்பாடம் செய்ததைத் தேர்வில் இறக்கி வைத்தார்கள். கமா நான் போட்ட கமா. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு தயிர்சாதத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஜூலை. கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். கௌரவம் பெயரில்தான், வருடா வருடம் ஜூனில் புது ஆணை வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. துறைத்தலைவி என் வகுப்பைக் கவனிக்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு நோட்டு. நான் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்பிரெல்லா, நிழல் என்ற சொல்லிலிருந்து, குட்டி நிழல், இத்தாலியில் வெயிலுக்குப் பிடித்தது இங்கிலாந்தில் மழைக்கு ஆனது, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள், “மேடம், பால்கனி எப்படி மேடம் வந்துச்சு?” நான் தயாரித்த தாளில் பால்கனி பட்டியலில் இருந்தது, மூலம் இல்லை. துறைத்தலைவி நிமிர்ந்து பார்த்தார். எங்கள் தொழிலில் வகுப்பறையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் அடுத்த மணிக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிடும். அகராதிக்கு அந்த வெட்கம் கிடையாது. ஃபியாஸ்கோ என்றால் இத்தாலியில் பாட்டில், பாட்டில் எப்படித் தோல்விக்குப் பெயரானது என்பது நிச்சயமாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அகராதி பாட்டுக்கு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. அகராதியை யாரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதில்லை. நான் வாயைத் திறந்தேன், அது தானாக வந்தது. ஜெனோவா நகரத்தில் பால்கோனா என்று ஒரு சீமாட்டி, கணவன் கப்பல் வியாபாரி, வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவள் மூச்சு முட்டிச் செத்துவிடுவாள் என்று வைத்தியர் சொன்னதால் ஜன்னலை இடித்து ஒரு கல்பலகையை வெளியே நீட்டிக் கட்டிக்கொடுத்தான், கமா, அவள் அதில் நின்று தெருவைப் பார்த்தாள், கமா, தெரு அவளைப் பார்த்தது, முற்றுப்புள்ளி. முப்பத்தெட்டுப் பேனாக்கள் ஓடின. வகுப்பு முடிந்து துறைத்தலைவி தோளைத் தொட்டுச் சொன்னார், “கதையோட சொல்லிக் குடுக்கீங்க, அதான் பிள்ளைகளுக்கு மண்டையில ஏறும்.” அன்று சாயங்காலமே நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். உத்தரம், சாரம், சீமாட்டி எவளும் இல்லை. மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுநாள் பிரெஞ்சுச் சொற்கள் என்று தொடங்கிவிட்டேன். நோட்டு அக்காமாரிடமிருந்து தங்கச்சிமாருக்குப் போய்க்கொண்டே இருந்தது, அடுத்த வருடம் நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள். தேர்வில் இத்தாலி வரவே இல்லை, பிரெஞ்சு வந்தது, லத்தீன் வந்தது, ஸ்காண்டிநேவியா இரண்டு முறை வந்தது. வராது என்றே இருந்துவிட்டேன்.

தானாக வந்தது என்கிறேன், தானாக எது வரும். மதுரையில் மூன்றாவது மாடி, கல்யாணமான புதிது, பதினோரு மாதம். பரமசிவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, காலை எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார், வெளிப்பக்கம் பூட்டு விழும். “காலம் கெட்டுக் கெடக்கு செல்வி, ஒனக்குப் பாதுகாப்புக்குத்தான்.” அடித்ததில்லை, திட்டியதுகூட அபூர்வம், சாயங்காலம் வரும்போது சூடாக ஏதாவது வாங்கி வருவார், தீனி வாங்கி வருகிற மனிதரைப் பற்றி யாரிடம் என்ன புகார் சொல்வது. நாலடிக்கு இரண்டரை அடி பால்கனி. துணி காயப்போட்டால் நிற்க இடமில்லை, அதனால் துணியை உள்ளே மின்விசிறிக்கடியில் காயப்போட்டுவிட்டு நான் வெளியே நின்றேன். கீழே ஒரு தையல்காரர், எதிரே பள்ளிக்கூடச் சுவர். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, வேலை வெட்டி இல்லாமல் காற்று வாங்கும் கொடுத்துவைத்தவள். ஒருநாள் சமையல் எரிவாயு கசிந்து வாசனை வந்தபோது ரெகுலேட்டரை மூடிவிட்டு அந்த நாலடியில் மூன்று மணி நேரம் நின்றேன், கீழே போனவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கதவைத் திற என்பார்கள், பூட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், மானம் போய்விடும் என்று நினைத்தேன், உயிர் போனால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன் பார், இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணை அறையலாம் போல் கோபம் வருகிறது. பிறகு மாற்றலாகித் திருநெல்வேலி, தரைத்தள வீடு, பூட்டு போடுவதை அவராகவே விட்டுவிட்டார், அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை, தங்கையிடம் சொன்னதில்லை. முப்பத்தெட்டுப் பேரிடம் சொன்னேன், இத்தாலிக்காரி என்று சொல்லி, நோட்ஸாக.

“செல்வி, இதக் கேளேன்.” பக்கத்து மேசை பெர்ப்பெத்துவா அக்கா, தூத்துக்குடிக் கல்லூரியில் இருபத்தைந்து வருடம், நல்ல மனுஷி, எதையும் தனியாக ரசிக்கத் தெரியாது. கையில் ஒரு விடைத்தாள். “இருபதாவதும் ஒண்ணு ஆப்ட்ருச்சு. இது கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ள போல, கதைய நீட்டியிருக்கு. ஒருநாள் வேலைக்காரி கதவப் பூட்ட மறந்துட்டா, பால்கோனா படியிறங்கிப் போனா, அதுக்கப்புறம் அவளப் பத்தி எந்தத் தகவலும் இல்ல, ஆனா நல்லாத்தான் இருந்திருப்பான்னு எழுதியிருக்கு. கொழுப்பப் பாத்தியா! இதுக்குப் போயி நான் மார்க் போடணுமா?”

“போடுங்கக்கா,” என்றேன், குரல் எங்கிருந்தோ வந்தது.

“சேர்மன் ஜீரோன்னுட்டாரே. ஜீரோ போட்டு லிஸ்டுல சேத்தாச்சு.”

சாய்ந்த கையெழுத்து, ஆங்கில ‘டி’யின் குறுக்குக்கோட்டை அடுத்த எழுத்து வரைக்கும் இழுத்து எழுதுவது என் வகுப்பில் ஒருத்திதான், இரண்டடி தூரத்திலிருந்தே தெரிந்தது. இசக்கிதேவி. தெரியக்கூடாது என்பதுதான் விதி, தெரிந்துவிட்டது, இனி தெரியாதது போல இருக்க முடியாது. அவள்தான் போன டிசம்பரில் வகுப்பில் கையைத் தூக்கி, “அப்புறம் என்ன ஆச்சு மேடம்?” என்று கேட்டவள். நான் என்ன சொன்னேன், “அது சிலபஸ்ல இல்ல” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள், ஐந்து மாதம் யோசித்திருக்கிறாள், அதைத் தேர்வில் எழுதிவைத்திருக்கிறாள். தேர்வு முடிந்த அன்று மரத்தடியில் நின்று சொன்னாள், “பி.எட்.டுக்கு அப்ளிகேஷன் போட்டுருக்கேன் மேடம், ஜூன்ல மார்க்ஷீட் காட்டணும். காட்டலைன்னா எங்கப்பா ஆவணியில முடிச்சு வச்சிருவாவ. மாப்பிள்ள வீட்டுக்காரவ ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாவ.” ஜூன். ரிசல்ட் நிறுத்தி வைத்தால் விசாரணைக் கமிட்டி, கமிட்டிக்கு ஆள் கூட வேண்டும், ஒருவருக்கு வெளியூர், ஒருவருக்கு வீட்டில் விசேஷம். குவாரண்டைன் என்றால் நாற்பது நாள், வெனிஸ் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் நோய் இருக்கிறதா என்று நாற்பது நாள் கடலிலேயே நிறுத்தி வைப்பார்கள், டிக், இதோ என் கையிலிருக்கும் தாளிலும் அதுவே எழுதியிருக்கிறது, நாற்பது நாளில் முடிகிற விசாரணையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஆவணி வந்துவிடும். இசக்கிதேவி எந்த மாடியில் போய் நிற்பாளோ. வேண்டாம், அப்படி நினைக்காதே, எல்லாருக்கும் உன்னைப் போலவே ஆகும் என்று என்ன இருக்கிறது, அவள் வாயாடி, பூட்டை உடைத்துவிடுவாள். உடைப்பாளா. நானும்கூட கல்லூரியில் படிக்கும்போது வாயாடிதான்.

சரி, நிதானமாக யோசிப்போம். விசாரணைக்கு அழைப்பார்கள், பிள்ளைகள் நோட்டைக் காட்டுவார்கள், மேடம்தான் சொன்னாங்க என்பார்கள், விஷயம் தீர்ந்தது, நான் இன்றைக்கு எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை, அதுவாகவே வெளிவரும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சொல்வார்களா. மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் நான் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தேன், அந்த வகுப்புப் பிள்ளைகள் முதல்வரிடம், மேடம் வந்து பாடம் எடுத்துவிட்டு இப்போதுதான் தண்ணீர் குடிக்கப் போனார் என்று ஒரே குரலில் சொன்னார்கள், ஒருவருக்கொருவர் கண் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. இவர்களும் அதே வார்ப்புதான், மேடத்துக்கு வேலை போய்விடும் என்று தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். காப்பியடித்தோம் என்று ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார்கள். இருபது பேரும் ஒரு வருடத்தை விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றுவார்கள், நான் ஜூனில் ஆணை வாங்கிக்கொண்டு போய் அவர்களுடைய தங்கச்சிகளுக்குப் பாடம் எடுப்பேன். சொன்னால் என்ன ஆகும். ஆணை வராது. இப்படி ஒன்றுக்காகவே காத்திருக்கும் ஆட்கள் துறையில் இருக்கிறார்கள், போட்டி அப்படி. ஒவ்வொரு ஜூனிலும் ஆணை பத்து நாள் தாமதமானால் பரமசிவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்வார், “இந்த வருஷம் விட்டுரு. வீட்டுல இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?” பூட்டு இல்லைதான். பூட்டு இல்லாமலேயே காலை எட்டு மணிக்கு அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் என் காது சாவி திரும்பும் சத்தத்துக்குக் காத்திருக்கிறது, பன்னிரண்டு வருடமாகியும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு நான் போக ஓர் இடம் இருக்கிறது என்பதால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. இந்த வேலை இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மிகைப்படுத்தவில்லை, எனக்கு என்னைத் தெரியும்.

மணி மூன்று இருபது. டிசாஸ்டர், கெட்ட நட்சத்திரம், டிக். இன்காக்னிட்டோ, அறியப்படாதவர், டிக். ஒரே தாளை இரண்டு முறை கூட்டியிருக்கிறேன், ஒரு முறை ஐம்பத்தொன்று, ஒரு முறை ஐம்பத்து நான்கு. யாருடைய பிள்ளையோ, பாவம், என் குழப்பத்தில் மூன்று மதிப்பெண் இழக்கப் பார்த்தது. மறுபடி கூட்டினேன், ஐம்பத்து நான்கு. பெர்ப்பெத்துவா அக்கா அந்த இருபது தாள்களையும் தனியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டும்போது சின்னக் குரலில் ஏதோ தேவாலயப் பாட்டு. கட்டிலிருந்து மேலே ஒரு தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே தள்ளினார். “கேட்டியா செல்வி, ஒண்ணு சொல்லுதேன். கதை பொய்யா இருந்தாலும் அந்தப் பொம்பள பாவம்தான். எவன் சொன்னானோ, பொம்பள மனசு தெரிஞ்சவன்தான் சொல்லியிருக்கணும்.” எவன் என்றார். இப்போது விட்டால் இங்கேயே அழுதுவிடுவேன், பிறகு அழுகைக்குக் காரணம் கேட்பார்கள், காரணம் சொல்லும்போது உண்மை அழுகையோடு சேர்ந்து வரும், ஐயோ பாவம் என்பார்கள், ஐயோ பாவம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த உண்மையை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். அழக்கூடாது. எழுந்து நிற்க வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னேன். கால்கள் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன், அந்த ஜூலையிலும் இப்படித்தான், அதற்கு முன்பு எரிவாயு வாசனை வந்த அன்றும் இப்படித்தான், வாக்கியம் தயாராக இருக்கும், வாய் திறக்காது, தெரு பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். அவள் படியிறங்கிப் போனாள் என்று இசக்கிதேவி எழுதியிருக்கிறாள். கேட்டவளுக்கு நான் சொல்லாமல் விட்டதை, தன் மதிப்பெண்ணைப் பணயம் வைத்து எழுதியிருக்கிறாள், நல்லாத்தான் இருந்திருப்பா என்று. எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. என்னுடைய நாற்காலிதான்.

சேர்மன் மேசைக்கு எட்டு ஒன்பது அடி இருக்கும். அவர் ரிப்போர்ட்டின் மேல் குனிந்திருந்தார், தேதி போட்டாயிற்று, பெயர் எழுதும் இடத்தில் பேனா இருந்தது.

“என்ன மேடம், பேப்பர் தீந்துட்டா?”

“சார், அந்தப் பால்கனிக் கதை காப்பி இல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வகுப்புல நோட்ஸா குடுத்தேன்.”

நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் பெர்ப்பெத்துவா அக்காவின் பாட்டு நின்றது, அதற்குப் பிறகு ஒவ்வொரு மேசையாகத் தாள் புரளும் சத்தமும் நின்றது.

“நீங்களா? எந்தக் காலேஜு?”

சொன்னேன். அது எல்லாருக்கும் கேட்டது.

“ஏம்மா, வெளையாடுதீயளா? இருபது பேப்பர். யுனிவர்சிட்டி வரைக்கும் போற விஷயம். இது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சார். மொத நாள்ல இருந்தே தெரியும்.”

“சரி, எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க? கண்ட கண்ட கைடா? புஸ்தகம் பேராவது சொல்லுங்க, அதையாவது எழுதி உங்களக் காப்பாத்தப் பாக்கேன்.”

அவர் நல்லவர்தான், ஒரு வழி திறந்து விடுகிறார், ஏதாவது ஒரு கைடின் பெயரைச் சொன்னால் போதும், கைடுகள் ஆயிரம் இருக்கின்றன, எதில் என்ன இருக்கிறது என்று யார் தேடப் போகிறார்கள். பெயர் ஒன்று வாய்க்கு வந்தது. எனக்குத்தான் பெயர்கள் உடனே வந்துவிடுமே.

“படிக்கல சார்,” என்றேன். “மதுரையில மூணாவது மாடியில என்னைய உள்ள வச்சுப் பூட்டு போட்டு வச்சிருந்தாங்க. பதினோரு மாசம். அதைத்தான் சொன்னேன். இத்தாலிக்காரின்னு பொய் சொன்னேன், மத்தது பொய் இல்ல. பிள்ளைங்க ரிசல்ட்ட நிறுத்தாதீங்க.”

திரவியம் சார் என்னைப் பார்க்காமல் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க,” என்றார், குரல் இறங்கியிருந்தது. “காலேஜ் பேரு, ஒங்க பேரு, வகுப்புல நீங்க சொன்னதுன்னு. அது போதும். மத்தது எழுத வேண்டாம்.”

“மத்ததையும் எழுதுதேன் சார்.”

நின்றுகொண்டே எழுதினேன், தமிழில். பேனாவில் இன்னும் சிவப்பு மைதான், பெர்ப்பெத்துவா அக்கா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, தன் நீலப்பேனாவை என் கையில் திணித்துவிட்டு பக்கத்திலேயே நின்றார். கல்லூரியின் பெயர், என் பெயர், தேதி. பூட்டியது யார் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, கணவர் பெயரை எழுதினேன். இருபது மாணவிகளும் காப்பியடிக்கவில்லை, என்னை நம்பினார்கள் என்று எழுதினேன். ஒரு வரி கோணலாகப் போனது, அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.